பழைய ஸ்பீக்கர், புதிய கணினி: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதைச் சாக்காக வைத்துப் பழைய கணினியைக் கழித்துக் கட்டியவர்கள் பலர். கணினிதான் மாறியது. அதோடு இருந்த 2.1, 5.1 ஸ்பீக்கர் செட், இரண்டு பின் ஹெட்செட், பிசிஐ சவுண்டு கார்டு, கேசட் டெக் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. "நல்லாத்தான் பாடிட்டு இருந்துச்சு, புதுசுல போட்டா வரல" என்று என்னிடம் வருகிற புகார்களில் பாதிக்கு மேல் ஸ்பீக்கர் பழுதே அல்ல. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் பின், செட்டிங், கரன்ட் ஆகிய மூன்றில் ஒன்று ஒத்துப்போகாமல் இருக்கும். ஸ்பீக்கரைப் பிரிப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். செலவில்லாத காரணம் முதலில், காசு பிடிக்கும் காரணம் பிறகு. இருபுறமும் 3.5 மி.மீ. பின் உள்ள கேபிள் ஒன்றும், ஹெட்போன் ஜாக் உள்ள பழைய மொபைல் ஒன்றும் கையில் இருந்தால் போதும்.

## சத்தமே வரவில்லை

கணினியை மறந்துவிட்டு, மொபைலை நேராக ஸ்பீக்கரில் செருகிப் பாட்டைப் போடுங்கள். இந்த ஒரு சோதனை வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

மொபைலில் பாடுகிறது, கணினியில் பாடவில்லை

மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் விண்டோஸ் அந்த மானிட்டரையே ஸ்பீக்கர் என்று எடுத்துக்கொண்டிருக்கும். மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலை கிடையாது. கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, பக்கத்தில் உள்ள அம்புக்குறியில் பட்டியலைத் திறந்து, ரியல்டெக் (மதர்போர்டின் ஆடியோ சிப்) என்று பெயர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் பின்பக்க ஜாக்கைப் பாருங்கள். பச்சைதான் வெளியீடு. இளஞ்சிவப்பு மைக், நீலம் லைன் இன். மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிச் செருகினால் நீலத்தில் போய் உட்காரும். டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஜாக்கே இல்லாத லேப்டாப்பில் டைப்-சி கன்வெர்ட்டர் போட்டிருந்தால் ஒரு விஷயம். இரண்டு வகை கன்வெர்ட்டர்கள் விற்கிறார்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் வெறும் வயர் மட்டும்தான். சில மொபைல்களில் மட்டும் வேலை செய்யும். இன்னொன்றில் சிறிய ஆடியோ சிப் உண்டு. செருகியதும் ஒலி வெளியீட்டுப் பட்டியலில் புதிய பெயர் ஒன்று தோன்றினால் அது சிப் உள்ளது. தோன்றாவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சிப்புக்கு டேக் (DAC) என்று பெயர். கேட்கும்போது "டேக் உள்ளது வேணும் அண்ணா" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

முன்பு தனி சவுண்டு கார்டு மாட்டி, இப்போது கழற்றிவிட்டீர்களா? அந்தக் காலத்தில் யாரோ பயாஸில் (BIOS, கணினி கிளம்பும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்) மதர்போர்டின் சொந்த ஆடியோவை அணைத்து வைத்திருப்பார். பயாஸுக்குள் போய் எச்டி ஆடியோ கன்ட்ரோலரை இயக்குங்கள்.

இத்தனைக்கும் பிறகும் சத்தம் இல்லையென்றால், சில நூறு ரூபாய் யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கிச் செருகிவிடுங்கள். மதர்போர்டின் ஆடியோ சிப்பை மாற்றித் தரச் சொல்லி மெக்கானிக்கிடம் போவது காசுக்குத் தண்டம்.

மொபைலிலும் பாடவில்லை, விளக்கும் எரியவில்லை

வூஃபர் பெட்டியின் பின்புறம் ஒரு சுவிட்ச் இருக்கும். சுவரை ஒட்டி வைத்ததில் அது அணைந்திருக்கலாம். பக்கத்தில் கருப்பு மூடியோடு ஃபியூஸ் இருந்தால், பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். புதியதும் உடனே போய்விட்டால் அதற்கு மேல் நீங்கள் தொட வேண்டாம், மெக்கானிக் வேலை. ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவர் கடைக்குத் திரும்பப் போகாதீர்கள்.

அடாப்டரில் ஓடும் செட்டாக இருந்து, அடாப்டர் தொலைந்து வேறொன்று மாட்டியிருந்தால் ஸ்பீக்கரின் பின்னால் உள்ள லேபிளைப் படியுங்கள். பழைய செட்கள் சிலவற்றுக்கு டிசி அல்ல, ஏசி வெளியீடு தரும் அடாப்டர்தான் கொடுத்தார்கள். வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் அலைபோன்ற குறி இருந்தால் ஏசி. நேர்க்கோடும் அதன்கீழ் புள்ளிக்கோடும் இருந்தால் டிசி. பின் அளவு ஒத்துப்போகிறது என்பதற்காக எதையாவது செருகுவது சரியல்ல.

வயரோடு கூடிய ரிமோட் இருந்த செட்டா? சிலவற்றில் பவர் சுவிட்ச் அந்த ரிமோட்டுக்குள்தான். ரிமோட் இல்லாமலோ அதன் வயர் உள்ளே அறுந்தோ இருந்தால் மொத்த செட்டும் பிணமாகக் கிடக்கும். ரிமோட் கிடைக்காவிட்டால் அந்த இணைப்பைச் சுற்றிவிட்டு ஓட வைக்க முடியும். ஆனால் அது சால்டரிங் தெரிந்தவர் வேலை.

மொபைலிலும் பாடவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது

ஸ்பீக்கரிலேயே ஹெட்போன் ஜாக் இருக்கிறதா? அதில் பின் செருகினால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சிறிய தகடு உள்ளே உண்டு. சென்னையில் கடலோரமாக, பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் உப்புக் காற்றில் அந்தத் தகட்டில் களிம்பு ஏறி, பின் செருகாமலே துண்டித்தபடி நின்றுவிடும். ஒரு ஹெட்போன் பின்னைப் பத்துப் பதினைந்து முறை செருகிச் செருகி எடுங்கள். உயிர் வந்தால் காரணம் இதுதான். கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகும்.

அதுவும் இல்லையா? சத்தத்தைக் கால்வாசி வைத்து, கேபிளின் ஒரு முனையை ஸ்பீக்கரில் மாட்டி, மறுமுனைப் பின்னின் நுனியை விரலால் தொடுங்கள். "ர்ர்ர்" என்று இரைந்தால் உள்ளே உள்ள ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உயிரோடு இருக்கிறது. கேபிளோ உள்ளீட்டு ஜாக்கோதான் பழுது. இரையவில்லையென்றால் உள்ளே ஐசி போயிருக்கும். நம் ஊரில் விற்ற 2.1 பெட்டிகள் நிறையவற்றில் டிடிஏ2030 என்ற ஐந்து கால் ஐசிதான். மலிவானது, சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. இதற்காக ஒரு நல்ல பெட்டியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

## பாட்டு வருகிறது, குரலைக் காணோம்

வயலினும் மிருதங்கமும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல வந்து, பாடுபவர் மட்டும் காணாமல் போயிருப்பார். ஸ்பீக்கர் பழுது என்று எல்லோரும் முடிவுகட்டிவிடும் அறிகுறி இது. உண்மையில் கிரவுண்டு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அது விட்டால் இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

பின்னை மெதுவாக ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள். குரல் திரும்பி வந்தால் பின் வகை பொருந்தவில்லை. பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள்: இரண்டு என்றால் வெறும் ஸ்டீரியோ, மூன்று என்றால் மைக்கும் சேர்ந்தது. மூன்று வளைய ஹெட்செட்டிலேயே பழைய ஓஎம்டிபி, இன்றைய சிடிஐஏ என்று இரண்டு வரிசை உண்டு. மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். பழைய மொபைலோடு வந்த ஹெட்செட் புதிய லேப்டாப்பில் இப்படிப் பாடுவதற்கு அதுதான் காரணம். ஹெட்செட்டின் பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் குரல் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஓஎம்டிபி–சிடிஐஏ கன்வெர்ட்டர் ஒன்று போதும்.

இழுத்தும் மாற்றமில்லையென்றால் கேபிளின் கழுத்தைப் பின்னருகே அசைத்துப் பாருங்கள். வந்து வந்து போனால் உள்ளே கிரவுண்டு வயர் அறுந்திருக்கிறது. கேபிளை மாற்றுங்கள்.

பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு பின் உள்ள ஹெட்செட். லேப்டாப்பில் ஒரே ஜாக்

இதற்கு ஸ்ப்ளிட்டர் வேண்டும். கடையில் வெறுமனே "ஸ்ப்ளிட்டர்" என்று கேட்டால் இரண்டு பேர் பாட்டுக் கேட்கும் ஸ்ப்ளிட்டரை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பாட்டு வரும், மைக் வராது. ஆணாக இருக்கும் ஒற்றைப் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். பெண் பக்கத்தில் ஒன்றில் ஹெட்போன் படமும் மற்றதில் மைக் படமும் இருக்க வேண்டும். அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வருகிறது

இடது வலது ஸ்பீக்கர் வயர்களைப் பெட்டியில் மாற்றிச் செருகுங்கள். மௌனமும் சேர்ந்து பக்கம் மாறினால் பெட்டிக்குள்ளோ கேபிளிலோ பழுது. மாறாமல் அதே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் அந்த ஸ்பீக்கரோ அதன் வயரோதான். கணினியில் பேலன்ஸ் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் விடாதீர்கள்.

## கேபினெட்டின் முன்பக்க ஜாக் மட்டும் வேலை செய்யவில்லை

பழைய கேபினெட்டுக்குள் புதிய மதர்போர்டு போட்டவர்களுக்கே உரிய தலைவலி. ஏசி'97 என்ற பழைய ஆடியோ முறை இருந்த காலத்துக் கேபினெட்டுகளில் பின் செருகியதைப் போர்டுக்குச் சொல்லும் வயர் கிடையாது. அதற்குப் பிறகு வந்த எச்டி ஆடியோ போர்டு அந்தத் தகவலுக்காகக் காத்திருக்கும். தகவல் வராததால் முன்பக்க ஜாக்கை எழுப்பவே எழுப்பாது.

முதலில் கேபினெட்டிலிருந்து வரும் வயரைப் பாருங்கள். சிலவற்றில் இரண்டு பிளக் தொங்கும், ஒன்றில் ஏசி97 என்றும் மற்றதில் எச்டி ஆடியோ என்றும் எழுதியிருக்கும். எச்டியை மட்டும் மாட்டுங்கள், வேலை முடிந்தது.

ஏசி97 மட்டும்தான் இருக்கிறது என்றால், பயாஸில் முன்பக்கப் பேனல் வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில போர்டுகளில் உண்டு. பழைய ரியல்டெக் எச்டி ஆடியோ மேனேஜரிலும் முன்பக்க ஜாக்கைக் கண்டறிவதை நிறுத்தும் தேர்வு உண்டு. அதை டிக் செய்தால் ஜாக் எப்போதும் இயங்கும். புதிய ரியல்டெக் கன்சோலில் இது எல்லாப் போர்டுக்கும் கிடைப்பதில்லை.

வயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளக்காக இருந்தால் கையால் மாற்றலாம். கணினியை அணைத்து, பவர் கேபிளையும் உருவிய பிறகு செய்யுங்கள். போர்டில் 8-வது இடத்தில் பின் இருக்காது, அதை வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். மைக் 1-க்கு, கிரவுண்டு 2-க்கு, மைக் பயஸ் (Mic Bias) என்று தனி வயர் இருந்தால் 3-க்கு, வலது வெளியீடு 5-க்கு, இடது வெளியீடு 9-க்கு. ரிட்டர்ன் என்று எழுதிய இரண்டு வயரையும் எங்கும் மாட்டாமல் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். உங்கள் போர்டின் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகு மாட்டுங்கள். பக்கத்திலேயே யூஎஸ்பி ஹெட்டரும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். அதில் போய் மாட்டினால் ஜாக்கோடு போகாது.

## ஹம் என்று ஓயாத இரைச்சல்

சென்னையில் இதற்குத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். காரணங்கள் பல என்பதால் வரிசை மாறாமல் போங்கள்.

சிக்னல் கேபிளை ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து முழுதாக உருவுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் பெட்டிக்குள் பழுது. நின்றுவிட்டால் வெளியே.

கேபிளை உருவினால் நிற்கிறது

லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் போனால் சார்ஜர் வழியாக வருகிறது. ஸ்பீக்கரையும் சார்ஜரையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். அறைக்கு இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றும் மாட்டியிருந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே சுற்று உண்டாகி ஹம் வரும்.

டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டின் வர்ணம் பூசாத ஸ்க்ரூ ஒன்றில் டெஸ்டரை வையுங்கள். எரிகிறதா? ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்று குத்துகிறதா? உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. பழைய வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எர்த் இல்லாவிட்டால் கணினிக்குக் கரன்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் வடிகட்டப்படும் மின்சாரம் போக இடமில்லாமல் கேபினெட்டில் நிற்கும். அது ஆடியோ கேபிள் வழியாக ஸ்பீக்கருக்குள் இறங்குகிறது. இதற்கு ஸ்பீக்கர் மெக்கானிக் ஒன்றும் செய்ய முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். சுவர் சாக்கெட்டை மல்டிமீட்டர் வைத்து நீங்களே குடைய வேண்டாம்.

ஒரு குறுக்குவழி உலவுகிறது: கணினி பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவது, அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டர் போடுவது. ஹம் நின்றுவிடும்தான். உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் கேபினெட்டில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

எர்த் சரியாக இருந்தும் ஹம் போகவில்லையென்றால் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் வாங்கி நடுவில் போடுங்கள். உள்ளே இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும் குட்டி டப்பா. மலிவானவற்றில் பேஸ் கொஞ்சம் மெலியும். பழைய ஸ்பீக்கரில் புளூடூத் ரிசீவர் மாட்டி, அதற்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கரன்ட் எடுப்பவர்களுக்கு விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். ரிசீவரைத் தனி மொபைல் சார்ஜரில் போட்டால் போய்விடும். போகவில்லையென்றால் அங்கும் இதே ஐசொலேட்டர்தான்.

மவுஸை நகர்த்தினால் சேர்ந்து கிறீச்சிடுகிறது

முன்பக்க ஜாக்கிலிருந்து எடுத்து பின்பக்க ஜாக்கில் மாட்டுங்கள். அப்போதும் வந்தால் யூஎஸ்பி சவுண்டு கார்டு.

கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும்

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய ஸ்பீக்கர்கள் அதில் அலறத்தான் செய்யும். பழுது கிடையாது. சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கும்வரை அந்த நேரத்தில் ஸ்பீக்கரை அணைத்து வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறாமல் இருக்கும்.

கேபிளை உருவியும் நிற்கவில்லை

பெட்டிக்குள் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்கள் காலாவதியாகிவிட்டன. தலை உப்பியிருக்கும், அல்லது அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி என்று அச்சிட்டது பார்த்து வாங்க வேண்டும். 85 டிகிரியும் ஓடும், ஆனால் மே மாதத்தில் மூடிய மரப்பெட்டிக்குள் அது எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு விஷயம். நீங்கள் சால்டரிங் செய்து பழகியவராக இல்லையென்றால் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் கெபாசிட்டரில் கரன்ட் நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 230 வோல்ட்.

## வால்யூமைத் திருகினால் கொரகொர

குமிழுக்கு அடியில் உள்ள வால்யூம் கன்ட்ரோலுக்குள் (கடையில் 'பாட்' என்பார்கள், Pot) தூசியும் களிம்பும். கரன்டை உருவிவிட்டு, குமிழைக் கழற்றி, கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கான்டாக்ட் கிளீனரை இரண்டு பீச்சு பீச்சி, இருபது முப்பது முறை முழுதாகத் திருகுங்கள். காய்ந்த பிறகு ஓடவிடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம். அதே பிராண்டில் கான்டாக்ட் கிளீனர் தனியாக விற்கிறார்கள். தேங்காய் எண்ணெய் விட்ட பெட்டியையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

சுத்தம் செய்தும் வந்தால் அந்த கன்ட்ரோலை மாற்ற வேண்டும். கழற்றியதையே கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அதில் அச்சிட்ட எழுத்தும் எண்ணும் கால் எண்ணிக்கையும் அப்படியே பொருந்த வேண்டும்.

## 5.1 செட்டில் முன்னால் இரண்டு மட்டும் பாடுகிறது

டெஸ்க்டாப்பில்

பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு நடுவும் வூஃபரும். புதிய போர்டில் மூன்றே ஜாக் இருந்து கறுப்பும் ஆரஞ்சும் காணவில்லையென்றால் பயப்படாதீர்கள். ரியல்டெக் மென்பொருளில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான போர்டுகளில் நீலம் பின்பக்கமாகவும் இளஞ்சிவப்பு நடு–வூஃபராகவும் மாறிக்கொள்ளும். பிறகு விண்டோஸின் ஸ்பீக்கர் அமைப்பில் ஒவ்வொன்றையும் தட்டிச் சோதியுங்கள். நடு ஸ்பீக்கரில் வர வேண்டியது வூஃபரில் வந்தால் இரண்டையும் இடம் மாற்றும் தேர்வு அதே ரியல்டெக்கில் உண்டு.

சோதனையில் எல்லாம் பாடி, யூடியூப் பாட்டில் பின்னால் மௌனமாக இருந்தால் அது பழுதல்ல. பாட்டே ஸ்டீரியோ. எல்லாவற்றிலும் வர வேண்டுமென்றால் ஸ்பீக்கர் ஃபில் என்ற தேர்வைப் போடுங்கள். எனக்கு அது பிடிக்காது. அது உங்கள் காது.

லேப்டாப்பில்

பெட்டியில் 7.1 என்று எழுதி, ஒரு பச்சை ஜாக்கும் ஒரு மைக் ஜாக்கும் மட்டும் உள்ள யூஎஸ்பி குச்சியை வாங்காதீர்கள். அதில் வெளியே வருவது இரண்டே சேனல். மூன்று வெளியீட்டு ஜாக் கண்ணுக்குத் தெரிந்தால்தான் 5.1.

டிவியில்

கணினியை விட்டுவிட்டு செட்டை டிவிக்கு மாற்றுகிறவர்கள் அதிகம். டிவியின் பின்னால் ஆப்டிகல் ஓட்டை இருக்கும், ஸ்பீக்கரில் மூன்று 3.5 மி.மீ. பின் இருக்கும். நடுவே ஒரு டப்பா தேவை, எந்த டப்பா என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

ஆப்டிகலை ஆர்சிஏ-வாக மாற்றும் சிறிய, மலிவான டப்பாவில் டால்பியைப் பிரிக்கும் திறன் கிடையாது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு ஆட்டோவிலோ டால்பியிலோ இருந்தால் மௌனம், அல்லது சரசரவென்று இரைச்சல் மட்டும். பிசிஎம் என்று மாற்றுங்கள், பாடும். ஆனால் ஸ்டீரியோதான். ஆறு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பாட வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் டிகோடர் என்று விற்கும், மூன்று வெளியீடு உள்ள டப்பா வாங்க வேண்டும். அதற்கு டிவியில் நேர்மாறாக, பிசிஎம்மை எடுத்துவிட்டு டால்பி டிஜிட்டல் வைக்க வேண்டும். டிகோடர் வாங்கி டிவியைப் பிசிஎம்மிலேயே விட்டுவிட்டு, "டப்பா வேஸ்ட்டு சார்" என்று சொல்கிறவர்கள் உண்டு.

ஒன்றுமே வரவில்லையென்றால் ஆப்டிகல் கேபிளின் இரு முனையிலும் உள்ள கண்ணாடி போன்ற சிறு மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். டிவியில் மாட்டிய கேபிளின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும்.

## பழைய பிசிஐ சவுண்டு கார்டைப் புதிய கணினி பார்க்கவே மாட்டேன் என்கிறது

சவுண்டு பிளாஸ்டர் லைவ், ஆடிஜி மாதிரி கார்டுகள். புதிய போர்டில் பிசிஐ ஸ்லாட்டே இருக்காது. பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து பிசிஐ-க்கு மாற்றும் பிரிட்ஜ் போர்டு விற்கிறது. மாட்டலாம், கேபினெட்டுக்குள் உட்கார வைப்பதுதான் பாடு. அடுத்தது டிரைவர். விண்டோஸ் 11-இல் 64 பிட் மட்டும்தான் உண்டு. பழைய 32 பிட் டிரைவர் சிடி எதற்கும் உதவாது. லினக்ஸில் இந்த இரண்டு குடும்பத்துக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, மாட்டினால் பேசும்.

விண்டோஸில் இதற்காக மல்லுக்கட்டாதீர்கள் என்பது என் கட்சி. அந்தக் கார்டின் கேம் போர்ட்டில் மிடி கீபோர்டு மாட்டி வாசித்தவர் என்றால் யூஎஸ்பி–மிடி கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். சத்தம் வரவில்லையென்றால் அதன் இரண்டு பின்னையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இன், அவுட் என்று எழுதியிருப்பது யார் பக்கத்திலிருந்து என்று கேபிளுக்குக் கேபிள் மாறும்.

## கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது

உடைந்து உடைந்து கரகரக்கிறது, ஒரு சேனல்தான் வருகிறது

லேப்டாப்பின் ஒற்றை ஜாக்கில் உள்ள உள்ளீடு மைக்குக்கானது. மைக் தருவது சில மில்லிவோல்ட். டெக்கின் லைன் அவுட் தருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வோல்ட். நூறு மடங்கு கூடுதலாகப் பாய்ச்சினால் உடையத்தான் செய்யும். போதாததற்கு அந்த உள்ளீடு மோனோ. சத்தத்தைக் குறைத்து வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டீரியோ லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்குங்கள். வாங்கியதும் விண்டோஸில் அந்த உள்ளீட்டின் பண்புகளைத் திறந்து பாருங்கள். இரண்டு சேனல் என்று இருக்க வேண்டும். ஒரு சேனல் என்றிருந்தால் அதுவும் மைக் உள்ளீடுதான். அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

டெஸ்க்டாப்பில் நீல ஜாக் இருந்தால் செலவே இல்லை.

அலையே எழவில்லை, கோடு நேராக ஓடுகிறது

விண்டோஸின் தனியுரிமை அமைப்பில் மைக்ரோஃபோனை அணுக டெஸ்க்டாப் செயலிகளுக்கு அனுமதி கொடுங்கள். நீங்கள் மாட்டியது டெக்காக இருந்தாலும் விண்டோஸுக்கு அது மைக்தான்.

சுருதி காணாமல் போகிறது

மயிலாப்பூரில் ஒரு மாமா, மார்கழிக் கச்சேரிகளைச் சபாவில் உட்கார்ந்து பதிவு செய்து வைத்திருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு, "என்னடா இது, தம்பூரா இல்லாம பாடறார்?" என்றார். கேட்டுப் பார்த்தேன். ஆலாபனையில் பாடகர் மூச்சு விடுகிற இடமெல்லாம் துடைத்துவிட்டதுபோல வெறுமை. அவர் வாயைத் திறந்ததும் தம்பூரா அரை நொடி எட்டிப்பார்த்துவிட்டு மறைகிறது. டெக்கில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் கணீரென்று இருக்கிறது.

இரைச்சல் நீக்கும் வசதியின் வேலை அது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவானாலும் ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். தம்பூராவின் வேலையே ஒரே சீராக ஒலிப்பதுதான். உள்ளீட்டின் பண்புகளில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை முழுதாக அணையுங்கள். ரியல்டெக்கிலோ லேப்டாப் கம்பெனி கொடுத்த மென்பொருளிலோ இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம் தனியாக இருந்தால் அதையும் அணையுங்கள். மைக் பூஸ்ட் பூஜ்யத்தில் இருக்கட்டும். பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும்போது மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாத அளவுக்கு அளவை வையுங்கள். அளவைத் தீர்மானிக்கக் கேசட்டின் ஆரம்பத்தில் வரும் வர்ணத்தை நம்பாதீர்கள்.

மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல

டெக்கின் ஹெட்டில் பழுப்புப் படிவம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடையுங்கள். பஞ்சு வெள்ளையாகத் திரும்பும்வரை. அதன் பிறகும் மந்தமென்றால் ஹெட்டின் கோணம் விலகியிருக்கிறது. பக்கத்தில் உள்ள ஸ்க்ரூவைத் திருகி காதால் சரிசெய்ய முடியும், ஆனால் டேப் ரெக்கார்டர் பழகிய கை வேண்டும்.

வேகம் தள்ளாடுகிறது

ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது. நம் ஊர் வெக்கையில் சில பெல்ட்கள் தாராக உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும். அதை வழித்தெடுத்து அளவு பார்த்து மாற்றுவது மெக்கானிக் வேலை. பெல்ட் மாறும்வரை அந்த டெக்கில் ஒரே பிரதியாக இருக்கும் கேசட்டைப் போடாதீர்கள். சுற்றி மென்றுவிடும்.

## கருகிய வாடை, பெட்டி சுடுகிறது

உடனே சுவரிலிருந்து உருவுங்கள். மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் மெக்கானிக்கிடம் இரண்டு விலை கேளுங்கள்: பழையதைச் சரிசெய்ய எவ்வளவு, ஆம்பை மட்டும் புதிதாக மாற்ற எவ்வளவு. ஸ்பீக்கர் கோன்களும் மரப்பெட்டியும் நன்றாக இருந்தால் நான் இரண்டாவதையே சொல்வேன். டிபிஏ3116 சிப் உள்ள சிறிய ஆம்ப் போர்டு ரிச்சி தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் கிடைக்கிறது.

2.1 செட்டுக்கு 2.1 போர்டுதான் வாங்க வேண்டும். வூஃபருக்கு பேஸை மட்டும் பிரித்து அனுப்பியது கருகிப்போன அந்த ஆம்ப்தான். வெறும் ஸ்டீரியோ போர்டு போட்டால் வூஃபரில் குரலும், குட்டி ஸ்பீக்கரில் தாங்க முடியாத பேஸும் வரும். ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓமா 8 ஓமா என்று எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். கரன்டுக்குப் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜரே போதும் என்று கடையில் சொல்வார்கள், ஓடும். ஆனால் ஐந்து பத்து வாட் குட்டி ஸ்பீக்கர்கள் அதில் ஒரு குத்துப்பாட்டுக்குத் தாங்காது. அவற்றுக்கு 12 வோல்ட் டிசி அடாப்டர் போதும். வயர் மாட்டும்போது ஒவ்வொரு ஸ்பீக்கரின் மைனஸையும் அந்தந்தச் சேனலின் மைனஸுக்கே கொண்டுபோங்கள். இந்த போர்டுகளில் மைனஸ்களை ஒன்றாக முறுக்கிக் கிரவுண்டில் கட்டினால் சிப் போய்விடும்.